புட்டியில் தங்காத நிறம்

(திண்டுக்கல்லில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நம் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. மலைக்கோட்டை உச்சியில் நின்று நாலு பக்கமும் பார்த்தாலும் தெரிவது சிறுமலையும், கொடைக்கானல் மலைத்தொடரும், நடுவில் விரிந்த செம்மண் வெளியும்தான். இந்த ஊரில் கடலடி நத்தையைப் படம் எடுப்பது பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், கேள்வி நியாயமானது. ஆனால் நிலக்கோட்டைப் பக்கம் அணைப்பட்டியைத் தொட்டுப்போகும் வைகை, மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்து மிஞ்சியதைப் பாக் விரிகுடாவில் கொண்டு சேர்க்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இங்கிருந்து ராமேசுவரம் போய்க் கடலில் முழுகி வருகிறவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். அந்த அமாவாசைக் கணக்குக்குப் பேச்சின் கடைசியில் திரும்பி வருகிறேன். இன்று நான் நிறுவ முயல்வது ஒன்றுதான்: ஓடில்லாக் கடல் நத்தையைப் பொறுத்தவரை, அது உயிரோடு இருக்கும்போது எடுத்த படம் அறிவியல் சான்று. பல சமயங்களில் புட்டிக்குள் கிடக்கும் உடலைவிட வலுவான சான்று. இது சரியென்றால், படம் எடுப்பவர் மேல் சில கடமைகள் விழுகின்றன. அவற்றைச் செய்ய ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. கடலோரத்தில் பிறந்திருக்கவும் வேண்டியதில்லை.

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்த் தோட்டங்களில் மழைக்குப்பின் கொடியில் ஊர்ந்து, வெள்ளிக் கோடு போட்டுவிட்டுப் போகும் நத்தையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கடல்வழி உறவினர்களில் ஒரு பெருங்கூட்டம், பரிணாமப் போக்கில் ஓட்டைக் குறைத்துக்கொண்டது அல்லது முற்றிலும் துறந்துவிட்டது. அவற்றில் முதுகின்மேல் செவுள் பூப்போல விரிந்து வெளியே தெரியும் பிரிவை நியூடிபிராங்க் என்கிறார்கள். அறிவியல் பெயரிட்ட இனங்கள் அந்தப் பிரிவில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல். சில, அரிசி அளவு. சில, முழங்கை நீளம். ஆங்கிலத்தில் இவற்றைக் குறிக்கும் சொல்லையே பழைய வணிகக் குறிப்புகள் கடல் அட்டைக்கும் பயன்படுத்தின. அதனால் தமிழில் எழுதுகிறவர்கள் சிலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இது வெறும் சொற்குழப்பம் இல்லை. கடல் அட்டை முள்தோலிகளின் இனம், நட்சத்திர மீனுக்கு உறவு. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் சிறை. நான் பேசும் உயிர் நத்தை இனம். இங்கே ‘கடல் நத்தை’ என்று சுருக்கிச் சொல்லும்போது ஓடில்லாததை மட்டுமே குறிக்கிறேன்.

ஓடுள்ள நத்தை செத்தாலும் ஓடு நிற்கும். சங்கையும் சோழியையும் நூறு ஆண்டு அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், இனம் அறியலாம். ஓடில்லாததற்கு அந்த வசதி இல்லை. சாராயத்திலோ பார்மலினிலோ போட்டால் அதன் நிறம் சில நாட்களில் கரைந்துபோகும், உடல் சுருங்கும், தலைமேல் இருக்கும் இரண்டு உணர்கொம்புகளும் முதுகுச் செவுளும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊதா உடலில் மஞ்சள் விளிம்பு கட்டி வாழ்ந்தது, புட்டிக்குள் ஊறிப்போன பயறுபோல வெளுத்துக் கிடக்கும். எந்த நிறத்தை வைத்துக் கடலில் அதை அடையாளம் காண முடியுமோ, அது போய்விட்டது. ஆகவே இந்த உயிர்களை ஆராய்ந்தவர்கள் தொடக்கத்திலிருந்தே படத்தின் தயவில் வாழ்ந்தார்கள். காமிராவுக்கு முந்தைய காலத்தில் அந்தப் படத்தைத் தூரிகை வரைந்தது.

இதற்கு உலகிலேயே நல்ல எடுத்துக்காட்டுகளில் ஒன்று நம் கடலைச் சேர்ந்தது. 1819இல் இலங்கையில் பிறந்த எட்வர்ட் ஃபிரெடெரிக் கெலார்ட் படை மருத்துவர். மன்னார் முத்துச்சிப்பிகளை ஆராய இலங்கை அரசு அமர்த்திய இயற்கையியலர். திருகோணமலைக் கரையில் கிடைத்த கடல் நத்தைகளை அவர் உயிரோடு இருக்கையில் வண்ணத்தில் பதிவுசெய்து, 1858, 1859 ஆண்டுகளில் விவரித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில் கடல் நத்தைகளைச் சேகரித்தார். உடல்களோடு உயிர்நிலையில் வரைந்த வண்ணப் படங்களையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவை போய்ச் சேர்ந்த இடம் நியூகாசில். அங்கே ஜோஷுவா ஆல்டர், ஆல்பனி ஹான்காக் என்ற இருவர், வடகடலின் குளிர்ந்த கரையில் கிடைத்த நத்தைகளைப் பற்றி 1845 தொடங்கிப் பத்தாண்டு உழைத்து, வண்ணத் தகடுகளோடு ஒரு பெருநூலை முடித்திருந்தார்கள். எலியட்டின் தொகுப்பை வைத்து 1864இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில்தான் கலிங்கக் கரையின் பெயரையே பேரினப் பெயராகத் தாங்கிய ‘கலிங்கா ஆர்நாட்டா’ அறிவியலுக்குள் நுழைந்தது. சிவப்புப் புள்ளிகளோடு தட்டையாக இருக்கும் இந்தப் பெரிய நத்தை இன்றும் வங்கக் கடல் இழுவலைகளில் கழிவு மீனோடு ஏறி வருகிறது. அந்தக் கழிவு மீன் கருவாட்டுத் தூளாகிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. நம் மாவட்டத்துக் கோழிப் பண்ணை வரைக்கும் கலிங்கா வந்து சேர்ந்திருந்தால் வியப்பதற்கில்லை.

கெலார்ட் 1860இல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். அவர் விவரித்த இனங்கள் பல வெறும் பெயர்களாகத் தொங்கின. விவரிப்பு சுருக்கமானது, சொற்கள் நிறத்தைப் பிடிக்கவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1906இல், சார்லஸ் எலியட் என்ற வேறோர் எலியட் அந்த முடிச்சை அவிழ்த்தார். அவர் தூதர், கிழக்கு ஆப்பிரிக்காவை ஆண்டவர், பின்னாளில் ஜப்பானில் பிரிட்டிஷ் தூதர். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றி 1921இல் மூன்று தொகுதி வரலாறு எழுதியவரும் இவரே. ஓய்வு நேரமெல்லாம் கடல் நத்தை. அவர் எழுதிய கட்டுரை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கடல் நத்தைகளைப் பற்றியது. அதற்கு அவர் பிடித்த ஆதாரம், நியூகாசில் அருங்காட்சியகத்தில் ஆல்டர், ஹான்காக் சேகரிப்புகளோடு பத்திரமாக இருந்த கெலார்டின் ஓவியங்கள். உடல் சொல்லாததை ஓவியம் சொன்னது. கெலார்ட் பெயரிட்ட ‘மெலிபே விரிடிஸ்’, ‘ஃபிலிடியெல்லா சைலானிகா’, ‘ஜிம்னோடோரிஸ் சிலோனிகா’ போன்ற பெயர்கள் இன்றும் வழக்கில் நிற்கின்றன. தற்செயல்தான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இந்த எலியட்டும் 1931இல் ஜப்பானிலிருந்து திரும்பும்போது கப்பலில்தான் உயிர்விட்டார்.

ஓவியரின் இடத்தைக் காமிரா எடுத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கலையில் முன்னே போனவை வெப்பக் கடல்கள் மட்டுமல்ல. பிரிட்டன், நார்வே, கலிபோர்னியா, வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை போன்ற குளிர் கடல்களும்தான். அங்கே பல இடங்களில் நீரின் வெப்பம் பல மாதம் பத்து டிகிரிக்குக் கீழே. முக்குளிப்பவர் உலர் உடைக்குள் கம்பளி உள்ளாடை போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். தடித்த கையுறையோடு காமிராப் பொத்தானைத் தேட வேண்டும். அரை மணியில் விரல் மரத்துவிடும். குளிர்ந்த நீரில் ஊட்டச்சத்து அதிகம், நுண்ணுயிர் அதிகம், அதனால் நீர் பச்சையாய்க் கலங்கி இருக்கும். இத்தனைக்கும் நடுவில், பாறையில் ஒட்டி வாழும் நீர்ப்பூ என்ற பூப்போன்ற உயிரின்மேல் அரை அங்குல நத்தையைத் தேடிப் பிடித்து, அதன் கண்கூடத் தெரியும்படி படம் எடுக்கிறார்கள். இனங்களின் எண்ணிக்கையில் வெப்பக் கடல் பல மடங்கு செழிப்பானது. ஆனால் கரை கரையாக, மாதம் மாதமாக, எது எங்கே எப்போது இருந்தது என்ற பதிவு எங்கே கிடக்கிறது என்று பார்த்தால், குளிர் கடல்காரர்கள் நம்மை எங்கோ பின்னால் விட்டுவிட்டார்கள். இனப் பட்டியல் என்று நாம் வாசிப்பதில் பாதி, கடலைப் பற்றியதல்ல. அதைப் பார்த்த ஆட்களைப் பற்றியது.

அவர்களுடைய கைத்தொழிலில் நமக்கு நேரடியாகப் பயன்படும் பாடம் ஒன்று இருக்கிறது. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. ஐந்தாறு மீட்டர் இறங்கினாலே சிவப்பு மங்கிப் பழுப்பாகிறது. இன்னும் ஆழத்தில் ரத்தச் சிவப்பு நத்தை கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே கீழே விளக்கு கொண்டுபோக வேண்டும். விளக்கை நேர் எதிரே அடித்தால் நீரில் மிதக்கும் தூசு ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் விழும். பஞ்சாலைக்குள் வெயில் விழும்போது பறக்கும் தும்பு கண்ணுக்குத் தெரிகிறதே, அதே கதை. அதனால் விளக்கைப் பக்கவாட்டில் ஒதுக்கி, மேக்ரோ லென்ஸை நத்தைக்கு ஒரு சாண் தூரத்துக்கு நெருக்கி, நடுவில் இருக்கும் நீரையே குறைத்துவிடுவார்கள். கலங்கல் நீரில் தெளிவான படம் எடுக்கும் வழி இது. நம் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, வடகிழக்குப் பருவத்தில் சேறாகக் கலங்குவது. மன்னார் வளைகுடா தென்மேற்குப் பருவத்தில் கொந்தளிப்பது. ‘எங்கள் கடல் மாலத்தீவுபோலத் தெளிவாக இல்லை, இங்கே படம் எடுக்க முடியாது’ என்ற சமாதானம் குளிர் கடல்காரர்கள் முன்னால் நிற்காது. அவர்கள் கடலும் கலங்கல்தான். போதாக்குறைக்கு நடுங்க வைப்பது.

படம் எதை நிரூபித்திருக்கிறது என்று பார்ப்போம். கலிபோர்னியாவின் தென்பகுதியில் வழக்கமாக வாழும் ‘ஹாப்கின்ஸ் ரோஸ்’ என்ற நத்தை ஓர் அங்குலம், பளிச்சென்ற இளஞ்சிவப்பு, தெரியாமல் தவறவிட முடியாதது. 2015 தொடக்கத்தில் அது வழக்கமான எல்லையைத் தாண்டி வடக்கே, அரிதாகவே காணப்பட்டுவந்த பாறைக் குளங்களில் கூட்டம் கூட்டமாகத் தோன்றியது. கடல் அப்போது வழக்கத்துக்கு மீறிச் சூடாகியிருந்தது. கடலின் வெப்ப அலை உயிர்களை எப்படி இடம் நகர்த்துகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியபோது, தேதியும் இடமும் குறித்த பொதுமக்களின் படங்களும் அவற்றுக்குக் கை கொடுத்தன. திருகோணமலையில் கெலார்ட் பெயரிட்ட ‘மெலிபே விரிடிஸ்’ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மத்தியதரைக் கடலில் குடியேறியது; அது பரவிய பாதையை வரையவும் முக்குளிப்பவர்களின் பதிவுகள் உதவின. ஆஸ்திரேலியாவில் நெல்சன் பே என்ற கரையில் 2013இல் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய கடல் நத்தைக் கணக்கெடுப்பில் பங்கெடுப்பவர்களில் பெரும்பாலோர் சாதாரண முக்குளிப்பு ஆர்வலர்கள். ஆளுக்கொரு காமிரா, ஒரு சில நாட்கள், எடுத்த படம் அத்தனையும் சேர்த்துப் பட்டியல். ஊர்க் கண்மாயில் மடை திறந்து மீன் பிடிக்கும்போது ஊரே இறங்குவதுபோல, இங்கே ஊரே இறங்கிப் பார்க்கிறது. பார்த்ததைத் தொடாமல் விட்டுவிட்டு வருகிறது.

இங்கே எழும் மறுப்புகளில் கனமானது வகைப்பாட்டியலாரிடமிருந்து வருகிறது. நிறத்தை நம்பி இனம் சொல்வது ஆபத்து என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ‘ஹிப்செலோடோரிஸ்’ என்ற பேரினத்தை மரபணு வழியாக ஆராய்ந்து 2018இல் கலிபோர்னியா அறிவியல் கழகத்தார் வெளியிட்ட ஆய்வு பதினேழு புதிய இனங்களை விவரித்தது. ஒரே மாதிரிக் கோடு போட்டவை வெவ்வேறு இனமாக இருந்தன; வெவ்வேறு வண்ணமுள்ளவை ஒரே இனமாக இருந்தன. நஞ்சுள்ள நத்தையின் உடையை நஞ்சில்லாததும் போட்டுக்கொள்வதால் மீன் ஏமாறுகிறது. கவனக்குறைவான புகைப்படக்காரரும் ஏமாறுகிறார். ஆனால் அதே ஆய்வுக்குள் ஒரு திருப்பம் இருக்கிறது. ‘ஹிப்செலோடோரிஸ் ஐபா’ என்ற இனத்தில் இரண்டு நிற வடிவங்கள் உண்டு. அவை தனித்தனி இனங்கள் என்ற எண்ணம், இரண்டும் இணை சேரும் படம் ஒன்று வந்த பிறகு மாறியது. ஆய்வகம் உறுதி செய்தது, முதல் ஐயத்தைக் கிளப்பியது படம். 2024இல் நம் நாட்டு விலங்கியல் ஆய்வகத்தார் வங்காளத்தின் திகாவிலும் ஒடிசாவின் உதய்பூரிலும் ஈர மணலில் கண்டு, குடியரசுத் தலைவரின் பெயரில் ‘மெலனோக்ளாமிஸ் திரௌபதி’ என்று விவரித்த சிறு நத்தை ஏழு மில்லிமீட்டர்தான். உடலை அறுத்துப் பார்க்காமல், மரபணு பார்க்காமல் அதற்குப் பெயர் வைத்திருக்க முடியாது. எனவே புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும் அதிகாரத்தைப் படத்துக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வழக்கு மன்றத்தில் சாட்சி தீர்ப்பு எழுதுவதில்லை. ஆனால் சாட்சி இல்லாமல் தீர்ப்பும் இல்லை. அறியப்பட்ட இனம் எங்கே, எந்தப் பருவத்தில், எதைத் தின்றுகொண்டு இருந்தது என்ற கேள்விக்குப் படமே போதும். நம் கரையில் விடை தெரியாமல் கிடப்பவை பெரும்பாலும் அந்த வகைக் கேள்விகள். தவிர, ராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில், 1986இலிருந்து, அனுமதியின்றி எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. ஆய்வாளர் அல்லாத ஒருவர் அங்கிருந்து முறையாகக் கொண்டுவரக்கூடிய ஒரே மாதிரி, அனுமதி பெற்றுச் சென்று எடுத்த படம்.

அடுத்த மறுப்பு, படம் எடுப்பதே தீங்கு என்பது. இதையும் தட்டிக் கழிக்க மாட்டேன். நத்தையைக் குச்சியால் நெம்பி, பின்னணி அழகாக இருக்கும் பவளத்தின்மேல் எடுத்து வைத்துப் படம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த நத்தைகள் பலவும் ஒரே ஒரு வகைக் கடற்பஞ்சையோ நீர்ப்பூவையோ தின்று வாழ்பவை. நம் ஊர் மாங்காய்ப் பூட்டுக்கு அதன் சாவி மட்டும் பொருந்துவதுபோலத்தான் அவற்றின் வாயும் இரையும். இடம் மாற்றி வைத்த நத்தை பட்டினி கிடக்கும்; மீனுக்கு இரையாகும். அதோடு அந்தப் படமும் பொய்ச் சாட்சியாகிவிடுகிறது. எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்பது, அது எதைத் தின்னும் என்பதற்குப் பாதிச் சான்று. அதை மாற்றி வைத்த கை, சான்றை அழித்த கை. நன்னெறியும் அறிவியலும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன: தொட்ட படத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போட்டிகளில் பரிசு வாங்கும் படங்களில் எத்தனை இந்தச் சோதனையில் தேறும் என்பது எனக்குச் சந்தேகமே.

காசுக்காரர் பொழுதுபோக்கு என்ற மறுப்பு மூன்றாவது. காமிராவும் நீர்புகாக் கூடும் விளக்கும் மூச்சுக்கருவியும் சேர்த்தால் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் போய்விடும்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் கடல் நத்தையும் ஆழத்தில் இல்லை. திரௌபதி நத்தை மணல் கரையில் கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகர் கரையில் ஒதுங்கிய நீல நிற ‘கிளாகஸ்’ நத்தைகளைப் பார்க்கக் கடலில் இறங்கத் தேவையே இல்லை, கைப்பேசி போதும். அதைக் கையால் தொடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அது தின்ற நச்சு இழுதுமீனின் கொட்டும் அணுக்களைத் தன் விரல் நுனிகளில் சேமித்து வைத்திருக்கும். இன்னும் ஒரு படி மேலே போவோம். பாம்பன், சின்னப்பாலம், ராமேசுவரம் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாகக் கண்ணாடி கட்டிக்கொண்டு, மூச்சடக்கி, கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் எந்தப் பாறையில் எந்த மாதம் வளரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீக்காலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது. பாசியைத் தின்று, அதன் பச்சையத்தையே தன் உடலில் வைத்து ஒளியிலிருந்து உணவு சமைக்க முயலும் ‘எலிசியா’ வகை நத்தைகள் வாழ்வது பாசியில்தான். தூத்துக்குடியில் சங்கு குளித்த பரம்பரைக்குக் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்கள் எங்கெங்கே என்று தெரியும். கடற்பஞ்சு செழித்த பாரில்தான் பஞ்சு தின்னும் நத்தை இருக்கும். லட்ச ரூபாய்க் காமிராவோடு வரும் விருந்தாளி ஒரு வாரம் தேடிக் காண்பதை, இவர்கள் வேலையினூடே கண்டு ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் பெயரைப் படத்தின் கீழே எழுதி, அவர்கள் நேரத்துக்குக் கூலியும் கொடுத்தால், இந்த மறுப்பு பாதி கரைந்துவிடும். கூலி இல்லாமல் ‘மக்கள் அறிவியல்’ என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக, இதனால் என்ன பயன் என்ற கேள்வி. இதற்கு மருந்துக் கதை சொல்லித் தப்பிப்பது எளிது. இந்துமாக்கடலில் வாழும் ‘டோலபெல்லா’ என்ற, கடல் முயல் எனப்படும் நத்தையில் கண்டெடுத்த சேர்மத்தின் வழியில் வந்த மருந்து ஒன்று, 2011இல் அமெரிக்காவில் நிணநீர்ப் புற்றுக்கு அனுமதி பெற்றது. அந்தச் சேர்மத்தை உண்மையில் உண்டாக்குவது அது தின்னும் நுண்ணுயிர் என்று பின்னர் தெரிந்தது. உணவறியாமல் உயிரை அறிய முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. கலிபோர்னியாவின் குளிர்ந்த நீரில் வாழும் இன்னொரு கடல் முயலின் இருபதாயிரம் சொச்சம் நரம்பணுக்களை வைத்து நினைவு எப்படிப் பதிகிறது என்று காட்டிய எரிக் கான்டல், 2000இல் நோபல் பரிசு பெற்றார். இவையெல்லாம் உண்மை. ஆனாலும் நான் சார்ந்து நிற்பது வேறு காரணத்தை. கடல் நத்தைகளில் பெரும்பாலானவற்றின் ஆயுள் சில மாதம் முதல் ஓராண்டு. உணவு குறைந்தாலும் நீர் சூடானாலும் அவை உடனே குறையும் அல்லது இடம் மாறும். பவளம் சாக ஆண்டுகள் ஆகலாம். நத்தை அந்தப் பருவத்திலேயே சொல்லிவிடும். 2016இல் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தபோது, உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகச் சரிந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளில் வாழ்ந்த கடல் நத்தைகளுக்கும் இப்படி முன்னும் பின்னும் ஒப்பிடும் கணக்கு வேண்டும். அதை இரண்டொரு ஆய்வாளர் தனியாகச் சேர்க்க முடியாது. பல கண்கள், பல ஆண்டுகள் பார்த்தால்தான் சேரும். மண்டபத்திலும் சென்னையிலும் வீரபத்திர ராவ் போன்றவர்கள் சென்ற நூற்றாண்டில் ஒற்றை ஆளாய் நின்று செய்த பணி பெரிது. அடையாறு என்ற பெயரையே ஒரு நத்தைக்குச் சூட்டியவர் அவர். 2017இல் தீபக் ஆப்தேயும் திஷாந்த் தேசாயும் இந்தியக் கடல் நத்தைகளுக்கு ஒரு கையேட்டைத் தந்தார்கள். படத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஏடு இருக்கிறது. ஒப்பிடப் படம்தான் வேண்டும்.

ஆகவே இனி எடுக்கும் படத்துக்கு என்ன வேண்டும்? நத்தை முழுதாகத் தெரியும் ஒரு படம், கொம்பும் செவுளும் தெரியும் இன்னொன்று, அது உட்கார்ந்திருந்த இடம் தெரியும் மூன்றாவது. பக்கத்தில் அளவு தெரிய ஏதாவது ஒன்று. விரலை நீட்ட வேண்டாம், அளவுகோல் துண்டு போதும். தேதி, இடம், ஆழம். இது ஐந்து நிமிட வேலை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அந்தமான் போய், லட்சத்தீவு போய், அழகான படங்களோடு திரும்புகிறோம், வாட்ஸ்அப்பில் போடுகிறோம். சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து, அதற்குள் கைப்பேசி எழுதி வைத்த தேதியையும் இடத்தையும் அந்தச் செயலி கழற்றிவிடுகிறது. படம் ஊரெல்லாம் சுற்றுகிறது, சான்று செத்துவிட்டது. கெலார்டின் ஓவியம் நியூகாசிலில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் தாங்கியதற்குக் காரணம், அது எந்த விலங்கின் படம், யார் வரைந்தது, எந்தக் கரை என்று பெயரோடு வைக்கப்பட்டிருந்ததுதான்.

அமாவாசைக் கணக்குக்கு வருகிறேன். சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் நின்று இழுக்கும் அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். ராமேசுவரம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் மற்ற நாளில் முழுகிக் கிடக்கும் பாறையும் பாசியும் அந்த நாட்களில் கணுக்கால் நீரில் தெரியும். திதி கொடுக்க இங்கிருந்து நாம் போய்ச் சேருவது சரியாக அந்த நாளில். அடுத்த ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போகிறவர்கள், கூட்டம் இல்லாத கரையில், வற்றும் நேரம் பார்த்து, கல்லைப் புரட்டாமல் பாசி ஓரமாகக் குனிந்து பாருங்கள். ஏதாவது ஊர்ந்தால் தொடாமல் மூன்று படம் எடுங்கள். தேதியையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். யாருக்காவது அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் மூலப் படத்தையே அனுப்புங்கள்.